மூத்த வழி வாரிசு

மல்லாங்கிணற்றுக் கரிசலில் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான புஞ்சை. அதில் ஒரு கிணறு. கிணற்று மேட்டில் காரை பூசிய ஒரு சமாதி, அதன் தலைமாட்டில் விளக்கு வைக்க ஒரு மாடக்குழி. வழக்குச் சொத்து இவ்வளவே. இந்தப் புஞ்சைக்காகச் சீனப் பேரரசர் காங்ஷியையும், புதுச்சேரியில் கப்பல் இறங்கிய ரோமாபுரித் தூதர் ஒருவரையும் பற்றி முன்சீப் கோர்ட்டில் நான் வாதாட வேண்டியிருந்தது. என் தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் மனம் ஒன்றி நடத்திய வழக்குகளில் இது ஒன்று. கட்சிக்காரர்களின் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

நிலத்துக்காரர் அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு செட்டில்மென்ட் பத்திரம் பதிவு செய்துவிட்டு இறந்தார். புஞ்சை வருமானத்தில் முதலில் சித்திரை, வைகாசி மாதங்களில் ரோட்டோரம் தண்ணீர்ப் பந்தல் வைக்க வேண்டும். அடுத்து ஆடி அமாவாசை அன்று ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். மிச்சத்தில் தன் சமாதிக்கு விளக்கும் மாலையும். இதை 'என் மூத்த வழி வாரிசு' நடத்தி வர வேண்டும், நிலத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்று எழுதியிருந்தார்.

மூத்த மகன் நடத்தினார். அவர் காலமானதும் பொறுப்பு அவருடைய மகனுக்கு வந்தது. அவர்தான் என் கட்சிக்காரர். சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் ஆப்செட் பிரஸ் ஒன்றில் ஃபோர்மேன். திருமணத்தின்போது ஞானஸ்நானம் பெற்று ஆர்.சி. சபையில் சேர்ந்தவர். அவர் அப்பா உயிரோடு இருந்தவரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதுரை–தூத்துக்குடி நான்கு வழிச்சாலை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்து, காரியாபட்டிப் பக்கம் புஞ்சைக்கெல்லாம் புரோக்கர்கள் வர ஆரம்பித்த பிறகு, சித்தப்பாவும் அவர் பிள்ளைகளும் தாவா போட்டார்கள்.

பிராதில் இரண்டு பரிகாரங்கள் கேட்டிருந்தார்கள். ஒன்று: பிரதிவாதி கிறிஸ்தவராகிவிட்டதால் இந்து முன்னோருக்குச் செய்யும் காரியத்தை நடத்தத் தகுதியில்லை, எனவே பொறுப்பும் நிலமும் இளைய வழிக்கு வர வேண்டும். மற்றொன்று: அதற்கு வழியில்லை என்றால், சமாதிக்காக எழுதிய பத்திரமே சட்டப்படி செல்லாது என்று அறிவித்து, நிலத்தை இரு வழிக்கும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும்.

இரண்டாவதுதான் கூர்மையான ஆயுதம். எதிர்த்தரப்பில் ஆஜரானவர் பழைய தலைமுறையின் மூத்த வக்கீல், பழைய ரிப்போர்ட்டுகளைக் கரைத்துக் குடித்தவர். அவர் இரண்டு தீர்ப்புகளை மேசை மேல் வைத்தார். ஒன்று 1953-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன சரஸ்வதி அம்மாள் வழக்கு. அது நம் மாகாணத்திலிருந்தே போன வழக்கு. கணவரின் சமாதியில் பூசையும் குருபூசையும் நடக்க ஒரு விதவை எழுதிவைத்த சொத்து அது. சாதாரண மனிதரின் சமாதி வழிபாட்டுக்கு நிரந்தரமாகச் சொத்தைக் கட்டிவைப்பதை இந்து தருமம் அறியாது, எழுத்து செல்லாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

மற்றொன்று பினாங்கு வழக்கு, 1875. அங்கே குடியேறிய சீனக் குடும்பத்தின் விதவை ஒருவர், தனக்கும் இறந்த கணவருக்கும் முன்னோர் சடங்குகள் தலைமுறை தலைமுறையாக நடக்க வேண்டும் என்று ஒரு வீட்டை உயிலில் ஒதுக்கினார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அந்தச் சடங்கால் ஊருக்கு நன்மை இல்லை, குடும்பத்துக்கு மட்டுமே ஆறுதல், ஆகவே அது அறக்கொடை ஆகாது என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அதை விளக்கும்போது நீதிபதிகள் சீனர்களின் முன்னோர் சடங்கை, இறந்தவருக்காகக் கத்தோலிக்கர் பாதிரியாரிடம் பணம் கொடுத்து நடத்தும் பூசையோடு ஒப்பிட்டிருந்தார்கள்.

தீர்ப்பின் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சீன விதவையின் வேண்டுதலும் கத்தோலிக்க விதவையின் வேண்டுதலும் ஒன்றே என்று கண்டுபிடித்தவர்கள் லண்டன் நீதிபதிகள். அதே காலத்தில் அந்தச் சீனப் பெண்மணி கத்தோலிக்கராகியிருந்தால், முன்னோர் சடங்கைச் செய்யாதே என்று அவருடைய சபையே தடுத்திருக்கும். இது ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் வழக்கை மேலே நடத்த முடியவில்லை.

கட்சிக்காரரிடம் நிலைமையை ஒளிக்காமல் சொன்னேன். "பத்திரம் செல்லாதுன்னு நாமளும் ஒத்துக்கிட்டா மதம் மாறின பேச்சே அடிபட்டுப் போகும். பாதி நிலம் உங்க சொந்தச் சொத்தாயிரும். விற்கலாம், வைக்கலாம். இன்னைய விலைக்கு அது சின்னப் பணமில்ல."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பந்தலு, சோறு, விளக்கு எல்லாம் நின்னு போகுமா அய்யா?"

"கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இருக்காது."

"அப்ப அது வேண்டாம். தாத்தா எழுதினது எழுதினபடி நிக்கட்டும். நான் வேதத்துக்கு வந்ததுக்காக எங்க தாத்தாவுக்கு எண்ணெய் ஊத்தக் கூடாதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். அது மட்டும் எனக்குப் போதும்."

இப்படி ஒரு கட்சிக்காரர் கிடைத்தால் வக்கீலுக்கு வேலை கூடும். ஆனால் என்ன வாதாட வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது.

மதம் மாறியவரின் சொத்துரிமைக்கு 1850-ஆம் ஆண்டின் 21-வது சட்டம் இருந்தது. மதத்தை விட்டதாலோ சாதியிலிருந்து நீக்கப்பட்டதாலோ ஒருவருடைய உரிமையைப் பறிக்கும் வழக்கம் எதுவும் நீதிமன்றத்தில் செல்லாது என்பது அதன் சாரம். எதிர்த்தரப்பு வக்கீல் இதை எதிர்பார்த்தே வந்திருந்தார். அந்தச் சட்டம் சொத்தைக் காக்கும், மதக் காரியப் பொறுப்பைக் காக்காது என்றார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவையும் எடுத்தார். மதம் மாறிய பின் பிறந்த பிள்ளைகள் இந்து உறவினருக்கு வாரிசாக முடியாது என்பது அந்தப் பிரிவு. ஆகவே இவருக்குப் பின் மூத்த வழியே அற்றுப்போகும் என்றார். நான் சொன்ன பதில் எளிது. அந்தப் பிரிவு மாறியவரின் பிள்ளைகளைப் பற்றியது, மாறியவரைப் பற்றியது அல்ல. இவருக்குப் பின் யார் என்பதை அந்த நாள் வரும்போது பார்க்கலாம். ஆனால் சமாதி விளக்கு மதக் காரியமா, குடும்பத்தில் பேரன் தாத்தாவுக்குச் செய்யும் மரியாதையா? வழக்கின் உயிர் இந்தக் கேள்வியில் இருந்தது. சீனாவில் நூறாண்டுக்கு மேல் கத்தோலிக்க சபையைப் பிளந்ததும் இதே கேள்விதான்.

1601-இல் பெய்ஜிங் போய்ச் சேர்ந்த இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி சீன அறிஞர்களின் உடையை உடுத்தி, அவர்கள் நூல்களைக் கற்று, அவர்கள் மொழியில் எழுதினார். சீன வீடுகளில் முன்னோர் பெயர் எழுதிய மரப்பலகை இருக்கும். அதன் முன் ஊதுவத்தி ஏற்றிக் குனிந்து வணங்குவது பிள்ளைகளின் கடமை. அதைச் செய்யாதவனைச் சீனச் சமூகம் மனிதனாகவே மதிக்காது. இது பெற்றோருக்குக் காட்டும் நன்றி, தெய்வத்துக்குச் செய்யும் பூசை அல்ல என்று ரிச்சியும் அவரைப் பின்பற்றியவர்களும் முடிவு செய்து, கிறிஸ்தவர்களுக்கு அனுமதித்தார்கள். பின்னால் சீனா சென்ற டொமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவிகள் பலர் இதை விக்கிரக வழிபாடு என்று ரோமாபுரிக்கு எழுதினார்கள். 1700-இல் இயேசு சபையார் பேரரசர் காங்ஷியிடமே விளக்கம் கேட்டார்கள். இது நினைவும் மரியாதையும்தான் என்று பேரரசர் உறுதி சொன்னார். அதன் பிறகும் ரோமாபுரி 1704-இல் தடை விதித்தது.

இந்தச் சர்ச்சையை ஒட்டி, அந்தத் தடைக்கு முன்பே ரோமாபுரி சீனாவுக்கு அனுப்பிய தூதர் பெயர் மயார் தெ தூர்னோன். அவர் சீனாவுக்குப் போகும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். நோயுற்று அங்கேயே மாதக்கணக்கில் தங்கினார். அந்த நேரத்தில் மதுரை மிஷனின் சடங்குகள் பற்றிய புகாரும் அவர் முன் வந்தது.

மதுரை மிஷனை அறியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் தேர்ந்து, இங்கே கிறிஸ்தவத்தில் சேர்ந்தவர்கள் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை என்றார். பெய்ஜிங்கில் ரிச்சி செய்ததை, அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே, மதுரையில் இவர் செய்தார். 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரி இவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அந்த மிஷன் வளர்ந்துதான் ஓரியூரில் உயிர்விட்ட அருளானந்தரும், வீரமாமுனிவரும் வந்தார்கள்.

தூர்னோன் 1704 ஜூனில் புதுச்சேரியில் இருந்தபடியே ஆணை பிறப்பித்தார். மஞ்சள் தோய்த்த 108 இழைத் தாலிக்கயிறு கூடாது. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பெண் பெரியவளானதைக் கொண்டாடக் கூடாது. நெற்றியில் சாணச் சாம்பல் கூடாது. பட்டியல் நீளமானது. உள்நாட்டு மிஷனுக்கு அவர் போகவில்லை. இரண்டு பாதிரியார்களிடம் கேட்டு எழுதிய தீர்ப்பு அது. ஒரு வக்கீலாக எனக்கு இங்கேதான் மனம் பதறியது. தலத்தைப் பார்க்காமல், பாதிக்கப்படும் ஒரு குடியானவனைக்கூடக் கூண்டில் ஏற்றாமல், ஒரு நாட்டின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தீர்ப்பு எழுதப்பட்டது.

ஆனால் அதே ஆணையில் வேறொன்றும் இருந்தது. சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் பாதிரியார் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க மறுப்பதை அது கண்டித்தது. மேல்சாதிக்காரர்கள் மனம் கோணக்கூடாது என்பதற்காக அன்று குடிசைக்கு வெளியிலேயே காரியம் நடந்தது. அதையும் நாட்டு வழக்கம் என்றே இயேசு சபையார் காத்தார்கள். இதில் தூர்னோன் சொன்னதே நியாயம். தாலிக்கயிற்றில் அவர் பிழை செய்தார், குடிசை வாசலில் சரியாக நின்றார். 1744-இல் பாப்பரசர் 14-ஆம் பெனடிக்ட் இறுதியாகத் தீர்த்தபோது, பறையருக்கென்று தனியாகப் பாதிரியார்களை வைத்துக்கொள்ளச் சம்மதித்து அந்த நல்ல பகுதியையே தளர்த்திவிட்டார்.

சீனாவில் தூர்னோன் பட்டது பெரும்பாடு. 1705 டிசம்பரில் காங்ஷியைச் சந்தித்தார். 1707-இல் நான்ஜிங்கில் தடையை அறிவித்தார். ரிச்சியின் வழியை ஏற்பவர்கள் மட்டுமே தன் நாட்டில் தங்கலாம் என்று பேரரசர் சொல்லிவிட்டார். தூதர் மக்காவுக்கு அனுப்பப்பட்டு, போர்ச்சுகீசியர் காவலில் 1710-இல் இறந்தார். 1692-இல் கிறிஸ்தவத்துக்கு அனுமதி தந்திருந்த அதே காங்ஷி, 1715-ஆம் ஆண்டின் பாப்பரசர் ஆணையைப் படித்துவிட்டு, 1721-இல் மதப் பிரசாரத்துக்குத் தடை எழுதினார். 1742-இல் ரோமாபுரி, இதைப் பற்றி இனிப் பேச்சே கூடாது என்று கதவைச் சாத்தியது. முன்னோர் பலகைக்குக் குனிந்தால் சபை ஏற்காது, குனியாவிட்டால் வீடு ஏற்காது என்ற நிலையில் சீனக் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளைக் கழித்தார்கள். 1939 டிசம்பர் 8 அன்று ரோமாபுரி, இறந்தவர் முன்பும் அவர் படத்தின் முன்பும் பெயர்ப்பலகையின் முன்பும் தலை குனிவது மரியாதையே, செய்யலாம் என்று அறிவித்தது. 1940-இல் நம் பக்கத்துச் சடங்குகளுக்கு எதிராக மிஷனரிகள் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழியும் நீங்கியது. இன்று தைவானில் சீனப் புத்தாண்டை ஒட்டிக் கத்தோலிக்கக் கோயில்களிலேயே முன்னோருக்கு மரியாதை செய்கிறார்கள்.

விசாரணை ஆரம்பிக்கும் முன் நான் செய்த முதல் காரியம், தலத்தைப் பார்க்க வக்கீல் கமிஷனர் கேட்டு மனுப் போட்டதுதான். எதிர்த்தரப்பு, பிரதிவாதி சமாதியில் சிலுவை வைத்துக் கிறிஸ்தவக் கல்லறையாக்கிவிட்டார் என்று எழுதியிருந்தது. கமிஷனர் போய்ப் பார்த்து அறிக்கை தந்தார். சிலுவை இல்லை. மாடக்குழியில் பழைய கரியின் மேல் புதிய எண்ணெய்க் கசிவு. தண்ணீர்ப் பந்தலுக்குக் கால் நட்ட குழிகள் ரோட்டோரத்தில். பந்தல் பானைகள் கிணற்றடி மோட்டார் அறையில். தாவா பாதி அன்றே ஆடிப்போனது என்று நான் நினைக்கிறேன்.

குறுக்கு விசாரணையில் என் கட்சிக்காரரை மூத்த வக்கீல் கடுமையாகவே கேட்டார்.

"ஆடி அமாவாசைக்கு நீங்க கெடா வெட்டுறது இல்லைதானே?"

"பத்திரத்துல கெடா இல்ல சார்."

"விபூதி பூசுறது இல்லைதானே?"

"இல்ல. மாலை போட்டு, விளக்கேத்தி, கையெடுத்துக் கும்பிடுவேன்."

"யாரைக் கும்பிடுறீங்க? உங்க சாமியையா, தாத்தாவையா?"

"சாமிக்கிட்ட தாத்தாவுக்காக வேண்டிக்குவேன். தாத்தாவுக்கு நன்றி சொல்லுவேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு பாதிரியாரைச் சாட்சியாக அழைத்தோம். வயதானவர், குரல் மெலிந்தவர். சபைச் சட்டப்படி இது குற்றம் அல்லவா, 1744-ஆம் ஆண்டின் ஆணை தெரியுமா என்று கேட்டார்கள். 1939-ஐயும் 1940-ஐயும் அவர் ஒழுங்காகச் சொன்னார். பிறகு, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று விருதுநகர்ப் பக்கம் எந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பார்த்தாலும், செத்தவர்களுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து நிற்கும் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பார்க்கலாம் என்றார். பேரன் இந்துத் தாத்தாவுக்கு விளக்கு வைப்பதால் அவனுடைய விசுவாசம் குறையாது என்று முடித்தார்.

எல்லாவற்றையும்விட எடுபட்ட சாட்சி அத்தை. இறந்தவரின் ஒரே மகள், வாதியின் அக்கா. அவர் எங்கள் பக்கம் பேச வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எங்கய்யா மூத்தவன் வழின்னுதான் எழுதுனாரு. என்ன சாமி கும்பிடுவான்னு எழுதல. இவன் வருசம் தவறாமப் பந்தப் போடுறான். பிள்ளைகளுக்குச் சோறு போடுறான். எங்கய்யாவுக்கு வேற என்ன வேணும்?"

என் வாதத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. சரஸ்வதி அம்மாள் வழக்கிலும் பினாங்கு வழக்கிலும் எழுத்தின் முதன்மை நோக்கம் சமாதியும் சடங்கும். இந்தப் பத்திரத்தில் முதன்மை தண்ணீரும் சோறும். வழிப்போக்கரின் தாகம் ஒரு குடும்பத்தின் காரியம் அல்ல, ஊர் நன்மை. விளக்குக்குப் போவது மிச்சக் காசு. எனவே பத்திரம் நிற்கும். அடுத்து, பிரதிவாதிக்கு விதித்த செயல்களில் எதுவுமே குறிப்பிட்ட மதத்தவர் மட்டும் செய்யக்கூடியது அல்ல. மந்திரம் இல்லை, புரோகிதர் இல்லை, பலி இல்லை. இறந்தவருக்குக் காட்டும் மரியாதையைச் சடங்கு என்று பெயரிட்டு ஒருவரிடமிருந்து பறித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் இருநூறு ஆண்டு அனுபவத்தைச் சொன்னேன்.

நீதிபதி ஒரு கேள்வி கேட்டார். நாட்டு வழக்கம் என்று எதைச் சொன்னாலும் நீதிமன்றம் காக்க வேண்டுமா? அதற்கு நான் வடக்கன்குளத்தை எடுத்தேன். அங்கே கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1910-இல் அது இடிக்கப்பட்டது. சுவரும் தனி இடமும் தங்கள் உரிமை என்று வேளாளக் கத்தோலிக்கர் வழக்குப் போட்டார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பிஷப் பார்த் என்ற அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. அடுத்தவரை ஒதுக்கும் வழக்கத்துக்குச் சட்டத்தின் துணை கிடையாது. யாரையும் ஒதுக்காத வழக்கத்தை, அதைச் செய்கிறவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று பார்த்து நிறுத்தவும் கூடாது. இந்த வழக்கில் ஒதுக்கப்படுகிறவர் பிரதிவாதி, ஒதுக்கச் சொல்கிறவர்கள் வாதிகள் என்றேன். நான் விபூதி பூசுகிறவன். அன்று அந்த வாதத்தை முழு மனதோடு சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன்.

தாவா தள்ளுபடியானது. பத்திரத்தின் முதன்மை நோக்கம் பொது அறம் என்றும், மூத்த வழி வாரிசுக்கு மதம் ஒரு நிபந்தனையாக எழுதப்படவில்லை என்றும் நீதிபதி எழுதினார். ஆண்டுதோறும் பந்தல், சோற்றுச் செலவுக் கணக்கைப் பிரதிவாதி இளைய வழிக்குக் காட்ட வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. மேல்முறையீட்டில் சப் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. இளைய வழியார் அதற்கு மேல் போகவில்லை.

இப்படிப் பத்திரம் எழுத வருகிறவர்களுக்கு இன்றும் நான் சொல்வது இதுதான். சமாதிக்கு மட்டும் என்று சொத்தைக் கட்டிவைக்காதீர்கள், சட்டத்தில் நிற்காது. தண்ணீர், சோறு, பிள்ளைகள் படிப்பு என்று ஊர் நன்மையை முதலில் எழுதுங்கள், விளக்கை அதன் பின் எழுதுங்கள். யார் நடத்த வேண்டும் என்பதைப் பெயரோடும் வழியோடும் தெளிவாகப் போடுங்கள். பேரப்பிள்ளைகளில் யாராவது வேறு கோயிலுக்குப் போகிறவராக இருந்தால், அவருக்கும் இந்தப் பொறுப்பு உண்டு என்று ஒரு வரி சேர்த்து, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.